பிராங்ளின் ஆறும் ஒளிப்படமும்

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனிய மாநிலத்தில், தென்மேற்குக் காடுகளின் ஊடே ஓடிக் கார்டன் ஆற்றில் கலப்பது பிராங்ளின். இயற்கையைக் காத்த ஒளிப்படம் என்ற பேச்சு எழுந்தால் இந்த ஆற்றின் பெயர் வராமல் போகாது. ஆனால் இதற்கு முன்னோடியான பெடர் ஏரியையும் சேர்த்துப் பார்த்தால்தான் படத்தின் வலிமை எது வரை என்பது விளங்கும். லிதுவேனியாவில் பிறந்த ஓலேகாஸ் துருகானாஸ் மாநில நீர்மின் ஆணையத்தின் ஊழியர். அந்த ஆணையம் மூழ்கடிக்கவிருந்த ஏரியையே படமெடுத்தவர். 1967 காட்டுத்தீயில் வீட்டோடு அவருடைய படங்களும் சாம்பலாயின. மறுபடி காடேறி எடுத்த வண்ணச் சிலைடுகளை ஹோபார்ட்டில் இசையோடு திரையிட்டார். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். ஆயினும் 1972இல் ஏரி மூழ்கியது. அவ்வாண்டு ஜனவரியில் துருகானாஸும் கார்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் உடலைக் கண்டெடுத்தவர் அவரிடம் பயின்ற பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ்.

பிராங்ளினை மூழ்கடிக்கும் அணைத் திட்டம் வந்தபோது டோம்ப்ரோவ்ஸ்கிஸ் 1979இல் எடுத்த படம் கைகொடுத்தது. காலைப் பனிமூட்டம், இருபுறமும் மழைக்காடு, நட்டாற்றில் ஒரு பாறைத்திட்டு, அதைச் சுற்றி வளையும் கரிய நீர். படத்தில் மனிதச் சுவடே இல்லை. 1983 தேர்தலின்போது இது முழுப்பக்க வண்ண விளம்பரமாகச் செய்தித்தாள்களில் வந்தது. மார்ச் 5இல் அணையை எதிர்த்த தொழிற்கட்சி வென்றது. ஆனால் தாஸ்மேனியாவின் ஐந்து தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. அணையால் வேலை கிடைக்கும் என்று நம்பிய உள்ளூர் மக்களைப் படம் அசைக்கவில்லை. அந்த ஆற்றைக் கண்ணால் காணாத, அணையால் இழக்கவோ பெறவோ ஏதுமில்லாத சிட்னி, மெல்போர்ன் வாக்காளர்களிடமே அது செல்லுபடியாயிற்று. பெடரின் விதி மாநிலத் தலைநகரான ஹோபார்ட்டில் முடிவானது; பிராங்ளின் வழக்கோ நாட்டின் தலைநகரான கான்பெராவுக்குப் போனது. வேறுபாடு படத்தின் தரத்தில் இல்லை, தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருந்தது.

ஆற்றை மறித்துக் கைதான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரே அதைக் காத்தனர் என்பாரும் உண்டு. மறியல் செய்தியாயிற்று என்பது சரி. ஆனால் அணையைத் தடுத்தது, 1982இல் கிடைத்த உலக மரபுத் தகுதியை ஆதாரமாகக் கொண்ட மத்தியச் சட்டம். அதையும் உயர் நீதிமன்றம் 1983 ஜூலை 1இல் நான்குக்கு மூன்று என்ற ஒற்றை நீதிபதி வித்தியாசத்தில்தான் ஏற்றது. படம் அப்பகுதியை ஆளற்ற காடாகக் காட்டியது பொய்த்தோற்றம் என்ற கண்டனத்துக்கு மறுப்பில்லை: அணை நீரில் மூழ்கவிருந்த குட்டிகினா குகையில் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் வாழ்ந்த தடயங்கள் உள்ளன. இன்று ஆறு உலக மரபுக் களத்துக்குள் ஓடுகிறது. பெடரை மீட்கக் கோருவோரும் இருக்கின்றனர்.