மீன் விலைபோனால்தான் உலை: முடக்கக் காலத்துத் தோணிரேவு

2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியபோது பழவேற்காடு ஏரியில் மீனுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. ஏரிக்கரை ஊரான தோணிரேவிலும் சுற்றுக் குப்பங்களிலும் அடைபட்டது மீனைக் காசாக்கும் வழி. ஏரியின் பச்சை நண்டு உயிரோடு விமானமேறி வெளிநாடு போகும் சரக்கு. சர்வதேசப் பயணிகள் விமானங்களோ மார்ச் 22-இலேயே நின்றுவிட்டன. மிஞ்சிய மீனை உப்பிட்டுக் கருவாடாக்கலாம். நண்டை என்ன செய்வது?

நெருக்கடிக் கால உணவு என்றதும் கிடங்கில் எத்தனை டன் அரிசி இருக்கிறது என்று பார்ப்பதே அதிகாரிகளின் வழக்கம். மீனவர் ஊரில் அந்தக் கணக்கு பாதிதான். அங்கே மீனைக் கொடுத்துத்தான் அரிசி வாங்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்டவர்களுள் மீனவரும் உண்டு என்று பொருளியலறிஞர் அமர்த்திய சென் 1981-இல் காட்டினார். அரிசி விலை ஏறியதும் மற்றவர்கள் முதலில் விட்டது மீனை. அதே அளவு அரிசிக்கு மீனவர் முன்னைவிட அதிக மீன் தரவேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று ஆங்கில அரசு 1942-இலேயே கடலோர வங்கத்தின் படகுகளைப் பறித்திருந்தது.

தமிழ்நாடு 2020-இல் அந்த நிலைக்குப் போகவில்லை. அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கிடைத்தன. தேதியும் நேரமும் குறித்த டோக்கன் வீட்டுக்கே வந்தது. மக்களின் மனம் தளராமல் காத்ததில் அரிசிக்கு நிகரான பங்கு அந்தச் சீட்டுக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். தன் முறை வரும் என்று தெரிந்தவர் கடை வாசலில் முண்டியடிக்க மாட்டார். பழவேற்காட்டாருக்கு இது புதிதுமல்ல. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யும் ‘பாடு’ முறை அங்கே தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது.

ஆனால், பாடு எல்லோருக்கும் இல்லை. மார்பளவு நீரில் சேற்றைத் துழாவி, பல்லில் கவ்விய பறிக்குள் இறாலைப் போடும் இருளர் பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது. ரேஷனிலும் இதே ஓட்டைதான்: அட்டை இல்லாதவருக்கு டோக்கனும் இல்லை.

ஏப்ரல் 10-இல் மத்திய அரசு மீன்பிடிப்புக்கு முடக்கத்திலிருந்து விலக்களித்தது. ஐந்தே நாளில் விசைப்படகுகளுக்கு ஆண்டுத் தடைக்காலம் பிறந்தது. காகிதத்தில் வந்த விடுதலை அவ்வளவுதான். ஏரி வலைக்குத் தடையில்லை, வாங்க ஆள்தான் வேண்டியிருந்தது. முடக்கத்திலும் ஆவின் நாள்தோறும் பால் கொள்முதல் செய்ததால் மாடு வைத்திருந்தவருக்கு வருமானம் அறுந்துபோகவில்லை. அடுத்த நெருக்கடிக்கு முன் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் பழவேற்காட்டில் அப்படியொரு கொள்முதலுக்கு வழிசெய்ய வேண்டும். அட்டையில்லாத இருளர் குடும்பங்களுக்கு அட்டை வழங்குவதற்கோ நெருக்கடி வரும்வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.