ஒலியை முந்திய விமானங்களும் ஓடி ஒளித்த நாங்களும்



லேபர் டே விடுமுறை வருகிறதென்றால் பார்க்டேலில் இருப்பவர்களுக்குக் கலண்டர் தேவையில்லை. வாவிக்கரையில் சி.என்.இ. பொருட்காட்சி முடிகிற நாட்கள் அவை. மேலே விமான சாகசக் காட்சி நடக்கும். ஜேம்சன் அவெனியூ அடுக்குமாடிகளுக்கு மேலாக ஜெட் விமானம் வளைந்து திரும்பும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும்.

1998இல் என் அம்மா ஊரிலிருந்து வந்த முதல் கோடை. அந்தச் சத்தம் கேட்டதும் குசினியில் வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, என் ஆறு வயது மகனை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டா. "தம்பி, இஞ்சையும் கிபிர் வருதோ?" என்று கேட்டா. மகனோ, "விடுங்கோ அப்பம்மா, நான் பிளேன் பாக்கவேணும்" என்று அழுதான். சத்தம் ஒன்றுதான். ஒருவருக்கு அது திருவிழா, மற்றவருக்கு அது சாவு. அன்றைக்குத்தான் இந்த விமானங்களின் கதையை ஒழுங்காக அறியவேண்டும் என்று நினைத்தேன். அறிந்ததை இந்தப் புத்தாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சத்தத்தைப் பற்றி. ஒலி கடல் மட்டத்தில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் ஓடும். மணிக்கு ஏறக்குறைய 1,225 கிலோமீற்றர். இந்த வேகத்தை ஒரு விமானம் தாண்டினால் அதன் சத்தம் அதற்குப் பின்னால்தான் வரும். நேராக மட்டமாகப் பறந்து இந்த வேகத்தை முதன்முதலில் தாண்டியவர் அமெரிக்க விமானி சக் யேகர். 1947 ஒக்டோபர் 14ஆம் திகதி பெல் எக்ஸ்-1 என்ற விமானத்தில் அதைச் செய்தார். பத்துப் பதினைந்து வருசத்துக்குள் பெரிய நாடுகளின் விமானப்படைகள் எல்லாம் இந்த வகைப் போர் விமானங்களை வாங்கிவிட்டன.

எங்கள் ரொறன்ரோவுக்கும் இதில் ஒரு பெரிய பங்கு உண்டு. நம்மில் அநேகர் வந்திறங்கி, பயந்து பயந்து அகதி என்று சொன்ன பியர்சன் விமான நிலையத்துக்கு முந்திய பெயர் மோல்ற்றன். அங்கேதான் அவ்ரோ கனடா நிறுவனம் 'அரோ' என்ற போர் விமானத்தைக் கட்டியது. அரோ என்றால் அம்பு. முக்கோண இறக்கை, வெள்ளை உடம்பு. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வடதுருவத்தால் வந்தால் வழியிலேயே மறிப்பதுதான் அதன் வேலை. அதாவது, இந்த நகரத்துச் சனம் ஒருநாளும் மேசைக்குக் கீழே ஒளிக்கக்கூடாது என்பதற்காகக் கட்டப்பட்ட விமானம் அது.

1958 மார்ச் 25ஆம் திகதி அதை முதலில் மேலே கொண்டுபோனவர் யானுஸ் சுராகோவ்ஸ்கி. பெயரைக் கேட்டாலே தெரியும், அவர் போலந்துக்காரர். பக்கத்திலே ரொன்செஸ்வேல்ஸ் வீதியில் கடை வைத்திருந்தார்களே, அந்தச் சனம். 1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தபோது அவர் அங்கே விமானப் பயிற்சியாளர். பழைய விமானத்தில் ஏறிச் சண்டை பிடித்தார். நாடு விழுந்ததும் றுமேனியா, பிரான்ஸ் என்று போய் இங்கிலாந்தை அடைந்தார். 1940 ஓகஸ்ட் 24ஆம் திகதி பிரித்தானிய வான் சண்டையில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பரசூட்டில் குதித்துத் தப்பினார். போர் முடிந்தது. ஆனால் ஊர் வேறொருவர் கைக்குப் போய்விட்டது, திரும்பிப் போகவில்லை. 1952இல் கனடாவுக்கு வந்தார். நம்முடைய கதை போல இல்லையா?

அரோ ஒலியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தைத் தொட்டது. ஆனால் செலவு கூடிப்போனது. இனி ஏவுகணைகள் போதும் என்ற எண்ணமும் வந்தது. 1959 பெப்ரவரி 20, ஒரு வெள்ளிக்கிழமை. பிரதமர் டீஃபன்பேக்கர் திட்டத்தை நிறுத்தினார். அவ்ரோவில் மட்டும் ஏறக்குறைய 14,000 பேருக்கு வேலை போனது. பறந்த ஐந்து அரோக்களும் துண்டு துண்டாக வெட்டப்பட்டன. சுராகோவ்ஸ்கி பரிஸ் பே என்ற சிற்றூருக்குப் போய், வாவிக்கரையில் ஒரு விடுதி நடத்தினார். 2004இல் காலமானார். அரோ ஒருநாளும் போருக்குப் போகவில்லை, ஒருவரையும் கொல்லவில்லை.

எங்கள் வானத்தின் கதை வேறு. ஊரில் 'அவ்ரோ' என்றால் என்ன என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். பிரித்தானியாவில் செய்த பயணிகள் விமானம் அது. பலாலிக்கு ஆமிக்காரரை ஏற்றி இறக்கியது, குண்டும் போட்டது. அதற்கு முதல் சியாமாசெட்டி, பிறகு சகடை. 1991 அளவில் சீனாவின் எஃப்-7 வந்ததும் சின்னப் பிள்ளைகள்கூட "சுப்பர்சொனிக்" என்று சொல்லப் பழகின. இங்கிலீசுப் பாடம் படிக்காத கிழவிகளின் வாயிலும் அந்தச் சொல் இருந்தது.

இரண்டு விமானங்களைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். முதலாவது மிராஜ் 2000. 1987 யூன் 3ஆம் திகதி இந்தியா நிவாரணப் பொருட்களோடு அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள் ஏறக்குறைய 25 தொன் உணவும் மருந்தும் கொண்டு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்தன. காவலாக வந்தவை இந்திய விமானப்படையின் மிராஜ் 2000கள். அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயர். நான் அப்போது ஊரில் இருந்தேன். சத்தம் கேட்டு முதலில் ஓடினோம். பிறகு குடை விரித்து இறங்கிய பொதிகளைக் கண்டு திரும்பி ஓடி வந்தோம். வானத்திலிருந்து சாப்பாடு விழுந்ததை நான் கண்டது அந்த ஒருநாள்தான். அதே வருசம் ஒக்டோபரில் அதே இந்தியாவின் படை யாழ்ப்பாணத்தில் சண்டை நடத்தியது என்பதையும் மறப்பதற்கில்லை.

இரண்டாவது கிபிர். 1996இல் இலங்கை இதை இஸ்ரேலிடமிருந்து வாங்கியது. எபிரேய மொழியில் 'கிபிர்' என்றால் இளஞ்சிங்கம். பிரான்சின் டசோ நிறுவனம் வரைந்த மிராஜ் 5 விமானத்தின் வடிவத்தில், அமெரிக்க எஞ்சினைப் பூட்டிச் செய்தது. சாப்பாட்டுக்குக் காவல் வந்த மிராஜ் 2000ஐச் செய்ததும் அதே டசோதான். இரண்டுக்கும் அதே முக்கோண இறக்கை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டும் இரண்டு வேலைக்கு வந்தன. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் ஜெட் விமானங்கள் குண்டு போட்டதில் 50க்கும் மேற்பட்ட இளம் பெண்கள் இறந்தார்கள். அதற்கு முன் 1995 யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமிருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். வேகமோ மெதுவோ, கீழே இருந்தவர்களுக்கு வித்தியாசம் இல்லை.

ஓட்டுகிற ஆளுக்கு இது எப்படி இருக்கும்? மணிக்கு 900 கிலோமீற்றரில் போகிறவன் ஒரு செக்கனில் 250 மீற்றர் கடக்கிறான். ஒரு கிலோமீற்றர் நீளமான கிராமம் அவனுக்கு நாலு செக்கன். கோயில், பள்ளிக்கூடம், கிணற்றடி எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். மூன்று கிலோமீற்றர் உயரத்தில் அவன் போனால் சத்தம் கீழே வர ஒன்பது செக்கன் வரை பிடிக்கும். அதற்குள் அவன் இரண்டு கிலோமீற்றர் தாண்டியிருப்பான். அதனால்தான் அம்மா சொல்லுவா: "சத்தம் கேக்கிற இடத்தைப் பாக்காதை, அதுக்கு முன்னாலை பார்." கணக்குப் படிக்காமலே எங்கள் சனம் படித்த பௌதிகம் இது.

அம்மா இப்போது இல்லை. கடைசிவரை அந்தச் சத்தத்துக்கு அவ பழகவில்லை. ஒவ்வொரு வருசமும் அந்த மூன்று நாளும் ஸ்காபரோவில் தங்கச்சி வீட்டில் விட்டுவிடுவோம். மகன் இன்று பொறியியலாளர். விமானம் என்றால் இன்னும் உயிர். ஆனால் அப்பம்மா ஏன் மேசைக்குக் கீழே போனா என்பதும் அவனுக்குத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டையும் அறிந்துதான் அவன் வானத்தைப் பார்க்கிறான்.

எங்களில் கனபேர் பார்க்டேலை விட்டுப் போய்விட்டோம். ஆனால் இந்த நகரத்துக்கு வேறு போர்களிலிருந்து வேறு சனங்கள் வந்தபடியே இருக்கிறார்கள். லேபர் டேக்கு ஒரு கிழமை முந்தி, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் கதவைத் தட்டி, "அடுத்த கிழமை பெரிய சத்தம் வரும், அது வெறும் விளையாட்டு, பயப்படாதேங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டியாவது சொல்லுங்கள். அன்று அம்மாவுக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, நானும் மறந்துபோனேன்.