அமெரிக்கப் படைகளில் கைச்சண்டைப் பயிற்சி

அமெரிக்கப் படைகளில் கைச்சண்டைப் பயிற்சி என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஆயுதப் படைகளில் புதிதாகச் சேரும் வீரர்களுக்கு, எதிரியைக் கைக்கெட்டும் தொலைவில் எதிர்கொள்ளக் கற்பிக்கும் பயிற்சியைக் குறிக்கும். வெறுங்கைத் தாக்குதல், மல்லுக்கட்டு, கத்தி, துப்பாக்கியின் அடிக்கட்டை, பயனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தி ஆகியவற்றின் பயன்பாடு இதில் அடங்கும். ஆறு படைப்பிரிவுகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் எதுவும் இல்லை. மரைன் படையும் தரைப்படையும் தமக்கெனத் தனி முறைகளை வகுத்துக்கொண்டுள்ளன. ஏனைய பிரிவுகளின் தொடக்கப் பயிற்சியில் இதற்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. எந்தப் படையில் சேர்வது என எண்ணும் இளைஞர்கள் சிலர் இவ்வேறுபாட்டை ஓர் அளவுகோலாகக் கொள்வதுண்டு. எனினும், தொடக்கப் பயிற்சியின் கைச்சண்டைப் பாடம் எவரையும் சண்டைக்கலை வல்லுநராக்கும் நோக்குடன் அமைக்கப்பட்டதன்று.

படைப்பிரிவைத் தெரிவு செய்தல்

ஐக்கிய அமெரிக்காவில் கட்டாய ஆட்சேர்ப்பு 1973 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் படைகள் முழுவதும் தன்விருப்பில் சேர்வோரைக் கொண்டே இயங்குகின்றன. ஒவ்வொரு பிரிவும் தனித்தனி ஆட்சேர்ப்பு அலுவலகங்களை நடத்தி, ஒரே வயதுக் குழுவினரை ஈர்க்கப் போட்டியிடுகின்றது. பெற்றோர் ஒப்புதலுடன் 17 வயதில் சேரலாம். விண்ணப்பிப்போர் அனைவரும் ஒரு பொதுவான திறன் தேர்வை எழுத வேண்டும். அதன் மதிப்பெண்ணே ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பணிகளைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

முதன்முறை சேர்வோரின் மொத்தக் கடப்பாடு வழக்கமாக 8 ஆண்டுகள். இதில் ஒரு பகுதி முழுநேரப் பணி, எஞ்சியது இருப்புப் படைப் பணி. ஆட்சேர்ப்பு அலுவலர் வாய்மொழியாகத் தரும் உறுதிமொழி எதுவும் செல்லாது. ஒப்பந்தத்திலும் அதன் இணைப்புகளிலும் எழுதப்பட்டவை மட்டுமே படையைக் கட்டுப்படுத்தும். ஒருவர் பின்னாளில் பெறும் சண்டைப் பயிற்சியின் அளவு, அவர் அணியும் சீருடையைவிட ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட பணியையே பெரிதும் சார்ந்தது. மரைன் படையின் சமையற்காரரும் முதல் நிலைப் பட்டையைப் பெற்றே வெளிவருகிறார். ஆனால், வான்படையில் சேர்ந்து காவல் பணிக்குச் செல்பவர் ஆட்களைப் பிடித்து அடக்கும் முறைகளைத் தம் பணிக்காலத்தில் அவரைவிட அதிகமாகப் பயில நேரலாம்.

மரைன் படை

மரைன் படையின் தொடக்கப் பயிற்சி 13 வாரங்கள் நீடிக்கும். தென் கரொலைனாவின் பாரிசுத் தீவிலும் கலிபோர்னியாவின் சான் டியேகோவிலும் இது நடைபெறுகிறது. தாம் ஏற்கும் பணி எதுவாயினும் ஒவ்வொரு மரைனும் முதலில் துப்பாக்கி வீரரே என்பது இப்படையின் அடிப்படைக் கொள்கை. கைச்சண்டை அனைவருக்கும் கட்டாயமானதற்கும் இதுவே காரணம்.

1989 இல் இப்படை 'லைன்' என்ற முறையை ஏற்றது. களைத்துப்போன வீரர் இருளிலும், முழுச் சுமையுடனும் செய்யத்தக்க வகையில், மாறாத வரிசையில் அமைந்த அசைவுகளை மனப்பாடமாக்குவதே அதன் வழி. அதில் இருந்தவை பெரும்பாலும் கொல்லும் உத்திகள். 1990களில் அமைதி காக்கும் பணிகளுக்குச் சென்ற மரைன்களுக்கு இது பொருந்தவில்லை. கல்லெறியும் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து நிறுத்த வேண்டிய வீரருக்கு, கழுத்தை முறிக்கும் உத்தி எவ்வகையிலும் உதவாது. குறைந்த வலிமையில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டும் படிநிலை அம்முறையில் இல்லை என்பதே அதன் பெருங்குறை எனலாம்.

இக்குறையைக் களையும் வகையில் உருவான மரைன் படைச் சண்டைக்கலைத் திட்டம், படைத்தலைவர் ஜேம்ஸ் ஜோன்ஸ் காலத்தில், 2001 இல் நடைமுறைக்கு வந்தது. இதனை உருவாக்கியவர்களில் ஜார்ஜ் பிரிஸ்டல், கார்டோ உர்சோ ஆகியோர் முதன்மையானவர்கள். இதன் தலைமைப் பயிற்சி மையம் வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் உள்ளது. மணல்நிறம், சாம்பல், பச்சை, பழுப்பு, கறுப்பு என ஐந்து நிறப் பட்டைகள் வழங்கப்படுகின்றன. கறுப்புப் பட்டைக்குள் மேலும் ஆறு படிகள் உள்ளன. இப்பட்டைகள் சீருடையின் இடுப்பிலேயே அணியப்படுவதால், ஒருவரின் நிலையைப் பார்த்த அளவில் அறியலாம்.

புதுவீரர் பெறுவது மணல்நிறப் பட்டை. நிற்கும் நிலை, அடிபடாமல் விழும் முறை, குத்துகள், முழங்கை முழங்கால் தாக்குதல்கள், காலை வாரிவிடுதல், கழுத்து நெரிப்புப் பிடியும் அதிலிருந்து விடுபடுதலும், பயனெட், அடிப்படைக் கத்தி உத்திகள், கைக்குக் கிடைத்த பொருளை ஆயுதமாக்குதல் ஆகியன இதன் பாடங்கள். உடலுக்கு ஈடாக மனம், ஒழுக்கம் ஆகியவற்றையும் இத்திட்டம் தனித் துறைகளாகக் கொள்கிறது. வகுப்பின் இடையே, வலிமையை எப்போது பயன்படுத்தக்கூடாது என்பது குறித்தும் கலந்துரையாடல் நடக்கும். வெளியார் இதனை ஓர் ஒப்புக்கான சடங்காகக் கருதக்கூடும். எனினும், பழைய முறை கைவிடப்பட்ட காரணத்தை நோக்கின் இதன் தேவை விளங்கும். பட்டையில் மேலே செல்வது தொடக்கப் பயிற்சிக்குப் பின், அவரவர் சேரும் அலகிலேயே நிகழ்கிறது. அங்குள்ள பயிற்றுநரின் ஆர்வத்தைப் பொறுத்து இது விரைவாகவோ மெதுவாகவோ அமையும்.

தரைப்படை

தரைப்படையின் முறை வேறு வழியில் வளர்ந்தது. 1995 இல் இரண்டாம் ரேஞ்சர் பட்டாலியனில், அதன் தலைவராக இருந்த ஸ்டான்லி மெக்கிறிஸ்டலின் ஆணைப்படி கைச்சண்டைப் பயிற்சிக்குப் புத்துயிர் அளிக்கும் முயற்சி தொடங்கியது. மாட் லார்சன் என்பவர் இதனை முன்னின்று நடத்தினார். பல கலைகளை ஆராய்ந்தபின், கலிபோர்னியாவின் டோரன்சில் கிரேசி குடும்பத்தினர் கற்பித்த பிரேசிலிய ஜியு-ஜிட்சு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. தரையில் புரண்டு மல்லுக்கட்டுதலை முழு வேகத்தில், பெரிய காயமின்றிப் பயிலலாம் என்பது இத்தேர்வுக்கு முக்கிய காரணம். 2002 இல் வெளிவந்த தரைப்படைக் கையேட்டில் இம்முறை இடம்பெற்றது.

இதன் முதல் நிலைப் பாடநெறி 40 மணி நேரம் கொண்டது. அதில், குத்துச்சண்டைக் கையுறை அணிந்த பயிற்றுநர் தாக்கிக்கொண்டிருக்க, மாணவர் திருப்பி அடிக்காமல் நெருங்கி அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும். குத்து வாங்கிக்கொண்டே முன்னேறும் துணிவை இது சோதிக்கிறது. 10 வாரத் தொடக்கப் பயிற்சியில் புதுவீரர் காண்பது இம்முறையின் முன்னுரையை மட்டுமே.

தரைப்படையின் பயனெட் தாக்குதல் பயிற்சி 2010 இல் தொடக்கப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்டது. கொரியப் போரின்போது 1951 பெப்ரவரியில் லூயிஸ் மில்லெட் தலைமையில் நடந்தது போன்ற பயனெட் பாய்ச்சலுக்கு இக்காலப் போரில் வாய்ப்பு அரிது எனக் கருதப்பட்டது. மரைன் படை இப்பயிற்சியைக் கைவிடவில்லை.

ஏனைய பிரிவுகள்

கடற்படைப் புதுவீரர்கள் இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்சில் பயில்கின்றனர். கப்பலில் பகைவனைவிடத் தீயும் வெள்ளமுமே அருகில் உள்ள ஆபத்து என்பதால், தீயணைப்பும் சேதக் கட்டுப்பாடுமே அங்கு முதன்மை பெறுகின்றன. வான்படையினரும் விண்வெளிப் படையினரும் டெக்சாசின் லாக்லாந்தில் பயில்கின்றனர். கடலோரக் காவற்படையில் பிற கப்பல்களில் ஏறிச் சோதனையிடும் குழுவினர் கைது செய்யும் உத்திகளைப் பின்னர் தனியே கற்கின்றனர்.

விபத்தும் சீர்திருத்தமும்

பயனெட் சண்டைக்கு மாற்றாக, இரு முனைகளிலும் மெத்தை பொதிந்த தடிகளால் வீரர்களை மோதவிடுவது வழக்கம். 1975 டிசம்பரில் சான் டியேகோவில், பின்தங்கியோருக்கான தனிப் பிரிவில் வைக்கப்பட்டிருந்த மரைன் புதுவீரர் ஒருவர், அடுத்தடுத்துப் பலருடன் இவ்வாறு மோதவைக்கப்பட்டுத் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். நினைவு திரும்பாமலே 1976 மார்ச்சில் இறந்தார். அவர் முன்னர் நுழைவுத் தேர்வில் தோல்வியடைந்தவர் என்பதும், படையில் சேர்க்கப்பட்டிருக்கவே கூடாது என்பதும் பின்னர் தெரியவந்தன. வழக்குத் தொடரப்பட்ட பயிற்றுநர் படைத்துறை நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். எனினும், அவ்வாண்டே அமெரிக்கக் காங்கிரசு இதனை விசாரித்தது. அத்தகைய தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. பயிற்சிக் களத்தில் அதிகாரிகளின் மேற்பார்வை கூட்டப்பட்டது. ஆட்சேர்ப்பு முறையும் இறுக்கப்பட்டது. தடிச்சண்டை இன்றும் தொடர்கிறது. தலைக்கவசமும் பற்காப்பும் அணிந்த இருவர் மோதுவர். தெளிவான ஓர் அடி விழுந்ததும் பயிற்றுநரின் ஊதல் ஒலிக்கும்.