வணிக நிர்வாகவியல் இளநிலைப் பட்டம்

வணிக நிர்வாகவியல் இளநிலைப் பட்டம் என்பது, ஒரு நிறுவனத்தைத் திட்டமிட்டு நடத்துவதற்குத் தேவையான கணக்கியல், பொருளியல், சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம், சட்டம் முதலிய துறைகளின் அடிப்படைகளை ஒருங்கே கற்பிக்கும் முதல்நிலைப் பல்கலைக்கழகப் பட்டம் ஆகும். இது பி.பி.ஏ. என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகின்றது. பள்ளிக் கல்வியை முடித்தவர்கள் பணி அனுபவம் ஏதுமின்றி இப்படிப்பில் சேரலாம். இந்தியாவில் இது பொதுவாக மூன்று ஆண்டுப் படிப்பாகவும், ஐக்கிய அமெரிக்காவில் பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பாகவும் உள்ளது.

இப்பட்டம் எந்தவொரு தொழிலுக்கும் உரிமம் வழங்குவதில்லை. மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ பணிபுரிய உரிய பட்டம் கட்டாயம். மேலாளராகப் பணிபுரிய அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. எனவே, இப்பட்டத்தின் பயன் என்ன, அனுபவம் இல்லாத இளைஞருக்கு மேலாண்மையை வகுப்பறையில் கற்பிக்க இயலுமா என்னும் வினாக்கள் இத்துறையில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன.

பெயர் வழக்கு

தமிழ்நாட்டில் இப்பட்டம் இளநிலை வணிக நிர்வாகவியல் அல்லது இளங்கலை வணிக நிர்வாகவியல் எனப்படுகின்றது. இந்தியாவின் வேறு சில பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ இதே பாடங்களைக் கொண்ட படிப்புக்கு பி.எம்.எஸ்., பி.பி.எம். போன்ற பெயர்களைச் சூட்டியுள்ளன. தமிழ்நாட்டில் மேலாண்மை என்று வழங்குவது இலங்கைத் தமிழில் முகாமைத்துவம் எனப்படும். இலங்கையில் இளநிலைப் பட்டங்களின் பெயர்கள் கலைமாணி, வணிகமாணி என்பன போன்று "மாணி" என்னும் சொல்லுடன் முடிவது மரபு. அம்மரபின்படி இப்பட்டமும் வியாபார நிர்வாகமாணி என்று குறிப்பிடப்படுகின்றது.

வரலாறு

கணக்குப் பதிவும் வணிகக் கணிதமும் பல நூற்றாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்தவை. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கும் லூக்கா பாச்சோலியின் நூல் 1494 ஆம் ஆண்டிலேயே வெனிசில் அச்சிடப்பட்டது. எனினும் அவை பல்கலைக்கழகப் பாடங்களாகக் கருதப்படவில்லை. தொழில் பழகுவோர் கடைகளிலும் தனியார் பள்ளிகளிலும் அவற்றைக் கற்றனர்.

1881 ஆம் ஆண்டில் தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் அளித்த ஒரு இலட்சம் டாலர் நன்கொடையைக் கொண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி நிறுவப்பட்டது. பல்கலைக்கழகத்தில் அமைந்து நிலைத்த முதல் வணிகப் பள்ளியாக இது கருதப்படுகின்றது. 1898 ஆம் ஆண்டில் சிகாகோ, கலிபோர்னியா ஆகிய பல்கலைக்கழகங்களும் வணிகக் கல்லூரிகளைத் தொடங்கின. பட்டதாரிகளுக்கான மேலாண்மைப் பள்ளிகள் இவற்றுக்குப் பின்னரே தோன்றின. டார்ட்மவுத் கல்லூரியின் டக் பள்ளி 1900 ஆம் ஆண்டிலும், ஆர்வர்டு வணிகப் பள்ளி 1908 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. அதாவது எம்.பி.ஏ. பட்டத்தைவிட இளநிலை வணிகக் கல்வி காலத்தால் முந்தியது.

மேலாண்மை ஒரு தனித்துறையாக உருப்பெற்றதும் இதே காலத்தில்தான். பிரடெரிக் டெய்லரின் அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூல் 1911 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் ஆன்றி பயோல் 1916 ஆம் ஆண்டில் மேலாண்மையின் 14 கொள்கைகளை வகுத்தளித்தார். நிர்வாகம் என்பது பிறவித் திறமை மட்டும் அன்று, அதனைப் பள்ளிகளில் கற்பிக்கலாம், கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். இன்றும் பெரும்பாலான பி.பி.ஏ. பாடத்திட்டங்களின் முதற்பருவம் இவ்விருவரையும் கொண்டே தொடங்குகின்றது.

இந்தியாவில்

இந்தியாவில் வணிகக் கல்வி, மேலாண்மை என்னும் பெயருக்கு முன்பே தொடங்கியது. 1886 ஆம் ஆண்டில் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர். 1913 ஆம் ஆண்டில் மும்பையில் சிடன்காம் வணிகக் கல்லூரி நிறுவப்பட்டது. இவை கணக்கியலையும் வணிக நடைமுறையையும் மையமாகக் கொண்டவை. இம்மரபே இன்றைய பி.காம். படிப்பாக வளர்ந்தது.

1961 ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் அமைக்கப்பட்டபோது, மேலாண்மைக் கல்வி பட்டதாரிகளுக்கு உரியதாகவே வடிவமைக்கப்பட்டது. இளநிலைப் படிப்புகள் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகள் வழியே தனியாகப் பரவின. 2011 ஆம் ஆண்டில் இந்தூர் இந்திய மேலாண்மைக் கழகம் பள்ளிக் கல்வி முடித்தவர்களுக்கான ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பைத் தொடங்கியது.

2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைக் கல்விக்கான சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 தகுதிப்புள்ளிகளையும், நான்காண்டுச் சிறப்புநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 160 தகுதிப்புள்ளிகளையும் வகுத்தது. 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. ஆகிய படிப்புகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. அக்குழு பி.பி.ஏ. படிப்புக்கென மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றையும் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

பாடத்திட்டம்

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடங்கள் வேறுபடினும், கீழ்க்காணும் பகுதிகள் பெரும்பாலும் இடம்பெறுகின்றன.

- மேலாண்மைக் கோட்பாடுகள்: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல்.
- கணக்கியல்: நிதிக் கணக்கு, அடக்கவிலைக் கணக்கு, மேலாண்மைக் கணக்கு.
- பொருளியல்: தேவை, அளிப்பு, விலை நிர்ணயம், சந்தை அமைப்புகள்.
- அளவுசார் முறைகள்: வணிகக் கணிதம், புள்ளியியல், செயல்முறை ஆய்வு.
- நிறுவன நடத்தை: ஊக்கப்படுத்தல், தலைமை, குழு இயக்கம். ஆபிரகாம் மாசுலோ 1943 ஆம் ஆண்டில் முன்வைத்த தேவைகளின் படிநிலைக் கோட்பாடு இங்குக் கற்பிக்கப்படுகின்றது.
- சந்தைப்படுத்தல்: பொருள், விலை, இடம், விளம்பர மேம்பாடு ஆகிய நான்கும் அடங்கிய சந்தைக் கலவை. இப்பகுப்பை 1960 ஆம் ஆண்டில் ஜெரோம் மெக்கார்த்தி முன்வைத்தார்.
- நிதி மேலாண்மை: மூலதனம் திரட்டல், முதலீட்டு முடிவுகள், நடைமுறை மூலதனம்.
- வணிகச் சட்டம்: இந்தியாவில் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1930 ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம், 2013 ஆம் ஆண்டு நிறுமச் சட்டம் முதலியன.
- தொழில்முனைவு, உற்பத்தி மேலாண்மை, கணினிப் பயன்பாடு, வணிக நெறிமுறை.

சட்டம், வரி ஆகிய பாடங்களில் பழைய நூல்களைப் பயன்படுத்துவோர் கவனமாக இருத்தல் வேண்டும். 1956 ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் இடத்தை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றுள்ளது. 2017 சூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததால், அதற்கு முந்தைய நூல்களில் உள்ள மறைமுக வரிப் பகுதிகளில் பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன.

பாடங்கள் ஒன்றிணையும் விதம்

மேற்கண்ட பாடங்கள் ஒவ்வொன்றும் தனித்துறையாகவும் கற்கத்தக்கவை. ஒரே முடிவைப் பல துறைகளின் வழியாக நோக்கப் பழக்குவதே வணிக நிர்வாகவியலின் தனித்தன்மை ஆகும். இதனை ஓர் எளிய கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு கடைக்கு வாடகை, சம்பளம் முதலிய நிலையான செலவு மாதம் 30,000 ரூபாய் என்க. ஒரு கிலோ மாவின் விற்பனை விலை 50 ரூபாய். அரிசி, உளுந்து, மின்சாரம், பை ஆகியவற்றுக்கான மாறும் செலவு கிலோவுக்கு 35 ரூபாய். எனில், ஒவ்வொரு கிலோவும் நிலையான செலவை ஈடுசெய்ய 15 ரூபாய் தருகின்றது. 30,000 ரூபாயை 15 ஆல் வகுத்தால் 2,000 கிலோ கிடைக்கும். மாதம் 2,000 கிலோ விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதுவே சமநிலைப் புள்ளி எனப்படும்.

விலையை 55 ரூபாயாக உயர்த்தினால் கிலோவுக்கு 20 ரூபாய் எஞ்சும். சமநிலைப் புள்ளி 1,500 கிலோவாகக் குறையும். கணக்கியல் இத்துடன் நின்றுவிடும். விலை உயர்ந்தால் எத்தனை பேர் வேறு கடைக்குச் செல்வர் என்பது பொருளியல் கூறும் தேவை நெகிழ்ச்சியைப் பொறுத்தது. மாவின் தரத்தாலும் கடையின் பெயராலும் அவர்களைத் தக்கவைப்பது சந்தைப்படுத்தல். விலையை உயர்த்தாமல் புதிய அரைவை இயந்திரம் வாங்கிச் செலவைக் குறைக்கலாமா என்பது நிதி மேலாண்மை. அதனால் வேலை குறையும் பணியாளரை என்ன செய்வது என்பது மனிதவளமும் நெறிமுறையும் சார்ந்த வினா. இவ்வினாக்களுக்கு ஒருசேர விடை காண வேண்டிய நிலையே மேலாண்மை முடிவு ஆகும்.

இத்தகைய இணைப்பை மாணவர்க்கு ஏற்படுத்தப் பல வழிகள் கையாளப்படுகின்றன. உண்மை நிறுவனங்களின் சிக்கல்களை முன்வைத்து விவாதிக்கும் நிகழ்வாய்வு முறை, நிறுவனப் பயிற்சி, இறுதியாண்டுத் திட்டக் கட்டுரை ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரிகளில் இப்படிப்பு ஆறு பருவங்களாக நடத்தப்படுகின்றது. பகுதி 1 தமிழ் அல்லது பிற மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடங்களும் என்னும் அமைப்பு பின்பற்றப்படுகின்றது. மேல்நிலைக் கல்வியில் வணிகவியல் பிரிவில் பயின்றோரே இதில் மிகுதியாகச் சேர்கின்றனர். பெரும்பாலான கல்லூரிகளில் முதன்மைப் பாடங்கள் ஆங்கில வழியிலேயே நடத்தப்படுகின்றன. கருத்து எளிதாயினும் கலைச்சொல் புதிது என்பதால், தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பெற்றவர்களுக்கு முதலாண்டு கடினமாக அமையக்கூடும். அவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலைச்சொற்களை இணையாகக் குறித்துக்கொண்டு படிப்பது பயனளிக்கும்.

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களுக்கான அனுமதி, கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி அடிப்படையில் வழங்கப்படுகின்றது. முகாமைத்துவக் கற்கைகளுக்கு வணிகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களைப் பயின்றோர் பெரிதும் விண்ணப்பிக்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் நான்காண்டு வியாபார நிர்வாகமாணிப் பட்டத்தை வழங்குகின்றது.

ஒத்த படிப்புகளுடன் வேறுபாடு

பி.காம். படிப்பில் கணக்கியல், வரி, தணிக்கை, சட்டம் ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் உண்டு. பி.பி.ஏ. படிப்பில் நிறுவன நடத்தை, சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவை கூடுதலாக இடம்பெறும். பட்டயக் கணக்கர் ஆவதற்கு எந்தப் பட்டமும் தனியே போதாது. அதற்குரிய நிறுவனம் நடத்தும் தேர்வுகளிலும் பயிற்சியிலும் தேறுதல் வேண்டும்.

எம்.பி.ஏ. படிப்பதற்கு பி.பி.ஏ. கட்டாயம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. இந்திய மேலாண்மைக் கழகங்களுக்கான கேட் தேர்வுக்கும், தமிழ்நாட்டில் நடத்தப்படும் டான்செட் தேர்வுக்கும் உரிய மதிப்பெண்களுடன் எத்துறைப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பி.பி.ஏ. படித்தவர் எம்.பி.ஏ. முதலாண்டில் தாம் முன்பே கற்ற அடிப்படைகள் பலவற்றை மீண்டும் சந்திக்க நேரும். பொறியியலோ கணிதமோ படித்தவர் நுழைவுத் தேர்வின் அளவுசார் பகுதியில் பழக்கம் மிக்கவராக இருக்கலாம். எனவே எம்.பி.ஏ. மட்டுமே இலக்காக உடையவர்கள் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்தல் நன்று.

விமர்சனங்கள்

1959 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. போர்டு அறக்கட்டளையின் ஆதரவில் ராபர்ட் கார்டன், ஜேம்சு அவல் ஆகியோர் ஒன்றையும், கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் பிராங்கு பியர்சன் மற்றொன்றையும் எழுதினர். இளநிலை வணிகப் படிப்புகள் குறுகிய தொழிற்பயிற்சிகளாகச் சுருங்கிவிட்டன என்றும், மாணவர்களின் தரமும் பாடங்களின் ஆழமும் போதா என்றும் அவை குறை கூறின. கணிதம், சமூக அறிவியல், பொதுக்கல்வி ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் தரப் பரிந்துரைத்தன. இன்றைய பாடத்திட்டங்களில் புள்ளியியலும் நடத்தை அறிவியலும் வலுவாக இடம்பெற்றதற்கு இவ்வறிக்கைகள் முக்கியக் காரணம் ஆகும்.

கனடா நாட்டு அறிஞர் என்றி மின்சுபெர்க் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேலாண்மை என்பது அனுபவத்தில் வேரூன்றிய நடைமுறை என்றும், நிர்வகித்து அறியாதவரை வகுப்பறை மேலாளராக்க முடியாது என்றும் வாதிட்டார். அவருடைய நூல் எம்.பி.ஏ. பற்றியதே எனினும், அவ்வாதம் அனுபவமே இல்லாத இளநிலை மாணவருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2011 ஆம் ஆண்டில் ரிச்சர்டு அரும், யோசிபா ரோக்சா ஆகியோர் அமெரிக்க மாணவரிடையே நடத்திய ஆய்வை வெளியிட்டனர். சிந்தனைத் திறனிலும் எழுத்துத் திறனிலும் வணிகத்துறை மாணவர் அடைந்த முன்னேற்றம், அறிவியலும் கலையியலும் பயின்றோரைவிடக் குறைவு என்று அதில் அவர்கள் கண்டனர். மிகுதியாக வாசிக்கவும் எழுதவும் வைக்கும் பாடங்களைப் பயின்றோர் கூடுதலாக முன்னேறினர் என்பதும் அவ்வாய்வின் முடிபு.

இவ்விமர்சனங்கள் ஒரு பொதுவான கருத்தைச் சுட்டுகின்றன. வரையறைகளை மனனம் செய்து தேர்வெழுதும் இடத்தில் இப்படிப்பு பல துறைகளின் முன்னுரைகளாகவே நின்றுவிடுகின்றது. கணக்கிடவும், எழுதவும், ஒரு நிறுவனத்தை நேரில் ஆராயவும் மாணவரைப் பழக்கும் இடத்தில் அது முழுமை பெறுகின்றது.

பணிவாய்ப்பு

பி.பி.ஏ. பட்டதாரிகள் விற்பனை, வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம், சரக்குப் போக்குவரத்து, மனிதவளம் ஆகிய துறைகளில் தொடக்கநிலைப் பணிகளில் சேர்கின்றனர். மேலாளர் பதவி பொதுவாகச் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின்னரே கிட்டும். ஏதேனும் ஒரு பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட அரசுப் பணித் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் இவர்கள் விண்ணப்பிக்கலாம். குடும்பத் தொழிலை ஏற்று நடத்துவோரும் சிறுதொழில் தொடங்குவோரும் இப்பட்டத்தைத் தெரிவு செய்வதுண்டு.

கல்லூரியைத் தெரிவு செய்யும்போது, அதன் பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கும் கணக்கியலுக்கும் உள்ள இடம், நிறுவனப் பயிற்சி கட்டாயமா என்பது, திட்டக் கட்டுரை மாணவரால் எழுதப்படுகின்றதா என்பது, பல்கலைக்கழக இணைப்பும் உரிய குழுவின் ஒப்புதலும் உள்ளனவா என்பது ஆகியவற்றை அறிந்துகொள்வது பயனுடையது.

இவற்றையும் பார்க்கவும்

- மேலாண்மை
- வணிகவியல்
- கணக்கியல்
- சந்தைப்படுத்தல்
- சமநிலைப் புள்ளி
- இந்திய மேலாண்மைக் கழகங்கள்