ஒரே தெரு, இரண்டு பட்டியல்

மாசி மகம் வந்தால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். தைக்கால் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் பட்டும் மாலையும் கொண்டுவந்து பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள். யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கமல்ல இது. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இந்தக் கிள்ளையும் அடங்கிய தென்னாற்காடு ஜில்லாவில் 1920 நவம்பரில் சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. ஒரே தெருவில் குடியிருந்து ஒரே திருவிழாவுக்குக் காத்து நின்றவர்களுக்கு இரண்டு வாக்காளர் பட்டியல். முஸ்லிம் அல்லாதார் ஒன்றில், முஸ்லிம்கள் மற்றொன்றில். 1909-ல் புகுந்த தனித்தொகுதி முறையை 1919-ம் ஆண்டுச் சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டது. மக்கள் தேர்ந்தெடுத்த 98 இடங்களில் 13 முஸ்லிம்களுக்கு. பொதுத் தொகுதிகளில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கீடு. அந்த ஒதுக்கீட்டின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பெருமாளுக்கு மாலை கொடுத்த கையும் அதை வாங்கிக்கொண்ட கையும் ஒரே பெட்டியில் சீட்டுப் போடக்கூடாது என்று ஒரு ராஜாங்கம் சொன்னதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களோ பட்டியலில் இருந்தவர்களைவிட மிக அதிகம். கிராமத்தில் வாக்குரிமை வேண்டுமானால் ஆண்டுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாத மதிப்புள்ள நிலம் பட்டாவில் இருக்க வேண்டும், அல்லது வருமான வரி கட்டியிருக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உரிமை உண்டு. கடலே நிலமாக வாழ்ந்த மீனவருக்குப் பட்டா ஏது? பிச்சாவரம் உப்பங்கழியில் இறால் தடவிய இருளருக்கு ஏது? சுற்று வட்டாரத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட சேரி மக்களுக்கு ஏது? நாலு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம்தான். காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்தது. வாக்குரிமை இருந்தவர்களிலும் நாலில் ஒருவர்தான் சாவடிக்குப் போனார். நீதிக்கட்சி 63 இடங்களைப் பிடித்தது.

மந்திரிசபை அமைக்கக் கவர்னர் வெலிங்டன் பிரபு முதலில் அக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரை அழைத்தார். அவர் பதவியை மறுத்து, நம் ஜில்லாக்காரர் ஒருவரைக் கைகாட்டினார். அவர்தான் கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார். வக்கீல், ஜில்லா போர்டில் பழகியவர், வயது அறுபத்தைந்து. 1920 டிசம்பர் 17-ல் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்றார். பனகல் ராஜா ராமராய நிங்கார் ஸ்தல ஸ்தாபனங்களையும், கே.வி. ரெட்டி நாயுடு வளர்ச்சித் துறையையும் ஏற்றார்கள். தென்னாட்டு மாகாணம் ஒன்றின் முதல் மந்திரி கடலூர்க்காரர் என்ற செய்தியை இன்று கடலூரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்? பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாவது அவருக்கு இருக்க வேண்டும்.

1921 ஜனவரி 12-ல் கன்னாட் கோமகன் சட்டசபையைத் திறந்துவைத்தார். மந்திரிகள் கையில் என்ன இருந்தது என்பதைச் சிதம்பரம் தாலுகாவை வைத்தே சொல்லிவிடலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஜில்லா போர்டு, கள்ளு சாராயக் கடை ஆகியவை மந்திரிகள் பொறுப்பு. அணைக்கரையில் இருந்து வீராணத்துக்கு வரும் தண்ணீர், நிலத்துக்குக் கட்டும் கிஸ்தி, போலீஸ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கஜானா ஆகியவை கவர்னரின் நிர்வாக சபையிடம். உப்போ டில்லியிடம். சிதம்பரம் தாலுகா விவசாயி கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தான் வாக்களித்த ஆளிடம் போய் முறையிட்டால், அந்த ஆள் சட்டசபையில் எழுந்து கேள்வி கேட்கலாம். மதகைத் திறக்க அவரால் முடியாது. இதற்குப் பெயர்தான் இரட்டை ஆட்சி.

ரெட்டியாரின் உடல்நிலை இந்தச் சுமையைத் தாங்கவில்லை. 1921 ஜூலை 11-ல் விலகினார். பனகல் ராஜா அவர் இடத்துக்கு வந்தார். அதே ஆண்டு நவம்பரில் ரெட்டியார் காலமானார். ஏழு மாதம்கூட நிறையாத ஆட்சி.

ஆனால் அந்த ஏழு மாதத்துக்குள் ஒரு நாள் வருகிறது: 1921 ஏப்ரல் 1. பெண் என்பதற்காக மட்டும் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னைதான். அவையில் ஒரு பெண்கூட இல்லாதபோது, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து எடுத்த முடிவு இது. அந்தச் சட்டசபையை வெள்ளைக்காரன் வைத்த பொம்மைக் கொலு என்று சொல்பவர்களிடம் இந்தத் தேதியை எடுத்துக் காட்டுவேன்.

செப்டம்பரில் அரசு வேலைகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் தருவதற்கான முதல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. 1922-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பஞ்சமர், பறையர் என்று எழுதிவந்த அரசாங்கம் ஆதிதிராவிடர் என்று எழுத ஒப்புக்கொண்டது. பேர் மாறினால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். தாலுகா கச்சேரியில் தன் பெயருக்குப் பக்கத்தில் குமாஸ்தா எழுதும் சொல் வசையாக இருந்த காலத்தை அனுபவித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். தாழ்த்தப்பட்டோர் சார்பில் அவைக்குப் போன ராஜா உள்ளிட்ட ஐவரும் கவர்னர் நியமித்தவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மக்களிடம் வாக்கு இல்லை.

1923 செப்டம்பர் 11-ல் அவை கலைந்தது. அடுத்த மாதமே தேர்தல். இந்தமுறை பெண்களும் வாக்களிக்கலாம், பட்டா தம் பெயரில் இருந்தால். கணவர் பெயரில் இருந்த காணி கணக்கில் வராது.

அந்த ஆண்டுகளில் சிதம்பரத்தில் ஒரு துறவி, 1916-ல் தாம் தொடங்கிய நந்தனார் பள்ளிக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பெயர் சகஜானந்தர். அவர் சென்னை சட்டசபைக்குள் காலெடுத்து வைக்க 1926 ஆயிற்று. அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கூட வாசலில் இருந்து தொடங்குவோம்.

(தொடரும்)