ஈட்டியோடு வந்த நாரை

கொல்லைப்புறத்துக்கு ஒரு காகம் நொண்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வோம்? 'ஐயோ பாவம்!' என்று ஒரு கைப்பிடி சோறு வைப்போம். அந்தக் காயம் எங்கே பட்டது என்று யோசிக்கிறோமா? ஒரு பறவையின் விஷயத்தில் அந்தக் கேள்வி, விஞ்ஞானத்துக்கே வழி காட்டியது.

ஜெர்மனியில் செங்கால் நாரைகள் வீட்டுக் கூரை மேலேயே கூடு கட்டும். வசந்தத்தில் வரும், கோடை முடிவதற்குள் காணாமல் போய்விடும். எங்கே போகின்றன? ஆளாளுக்கு ஒரு கதை! பறவைகள் குளிர்காலத்தில் ஏரிக்கு அடியில் தூங்குகின்றன என்றார்கள் சிலர். 17-ம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்ற ஆங்கிலேயர், 'நிலாவுக்குப் போகின்றன' என்று சீரியஸாகவே எழுதினார்!

1822-ல், மெக்லன்பர்க் பகுதியில், க்ளூட்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு நாரை வந்து இறங்கியது. அதன் கழுத்தில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீள ஈட்டி! குத்திய ஆயுதம் மறுபக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. ஆராய்ந்து பார்த்தால், அது மத்திய ஆப்பிரிக்காவின் ஈட்டி!

நாரைகள் ஆப்பிரிக்கா வரை போய்த் திரும்புகின்றன என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி கிடைத்துவிட்டது. இப்படி ஆயுதம் தைத்த நாரைகள் பிற்பாடும் வந்தன. 'அம்பு நாரை' என்றே ஜெர்மானியர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

பாடம் செய்யப்பட்ட அந்த முதல் நாரை, கழுத்தில் ஈட்டியோடு ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். ஈட்டி அதைக் கொல்லவில்லை. அந்த வலியோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து ஊர் வந்து சேர்ந்த பறவையை, துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய பிறகுதான் ஈட்டியை ஆராய்ந்தார்கள்.