பீட்டர் ஃபேன்டஸ் செய்த கலப்பு

செல் எப்படிப் பிரிகிறது என்ற ஆராய்ச்சியின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் பால் நர்ஸின் குப்பைத்தொட்டியில்தான் தொடங்குவார்கள். பூஞ்சை பிடித்ததென்று எறிந்த பெட்ரி தட்டை அவர் திரும்பப் போய் எடுத்தார். அதிலிருந்த ஈஸ்ட், செல் பிரிவை இயக்கும் சிடிசி2 என்ற மரபணுவின் முக்கியத்துவத்தைக் காட்டிக்கொடுத்தது. 2001-இல் நோபலும் வந்தது. வகுப்பில் நானும் இதைச் சொல்வதுண்டு. ஆனால் என் மனம் போய் நிற்பது, நர்ஸ் அப்போது இருந்த அதே எடின்பரோவில் பீட்டர் ஃபேன்டஸ் என்ற ஆய்வாளர் செய்த ஒரு கலப்பில்.

இருவரும் வளர்த்தது கோல் வடிவ ஈஸ்ட். நுனியில் நீண்டுகொண்டே போய், ஏறக்குறைய 14 மைக்ரான் ஆனதும் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகும். சிடிசி25 மரபணுவில் கோளாறு உள்ள ஒரு வகை, 25 டிகிரியில் ஒழுங்காகப் பிரியும். 35-க்கு மேல் ஏற்றினால் பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போகும். வீ1 மரபணு கெட்டதோ நேர் எதிர். பாதி நீளத்திலேயே அவசரமாகப் பிரிந்துவிடும். 1975-இல் நர்ஸ் அறிவித்த குட்டைச் செல்கள் இவைதான்.

இரண்டு கோளாறும் ஒரே செல்லில் சேர்ந்தால் என்ன ஆகும்? பார்க்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். இரண்டு வகையையும் மால்ட் அகாரில் கலந்து வைத்தால், பட்டினியில் செல்கள் ஜோடி சேர்ந்து நான்கு ஸ்போர் கொண்ட பைகளாகும். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசையில் வைக்க வேண்டும். கொஞ்சம் கை நடுங்கினாலும் ஸ்போர் போன இடம் தெரியாது. நான்கும் முளைத்த பிறகு, எதற்கு எந்தக் கோளாறு வந்தது என்று சூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபேன்டஸின் முடிவு 1979-இல் நேச்சர் இதழில் வந்தது. இரண்டும் கெட்ட ஈஸ்ட் சூட்டிலும் பிரிந்தது! சிடிசி25 பிரிவுக்கு விலக்க முடியாத உறுப்பாக இருந்திருந்தால், வீ1 போனதால் செல் பிழைத்திருக்காது. ஆக, வீ1 போடும் தடையை எடுப்பதுதான் சிடிசி25-இன் வேலை. இந்த மரபணுக்களில் ஒன்றின் டிஎன்ஏவைக்கூட யாரும் பிரித்தெடுத்திராத காலத்தில், கலப்பும் நீளமும் மட்டும் வைத்து எட்டிய முடிவு இது. மரபியலின் முழு வலிமையையும் நான் இங்கேதான் காண்கிறேன்.

வேதியியல் பின்னால் வந்து சேர்ந்தது. பால் ரஸ்ஸலும் நர்ஸும் 1986-இல் சிடிசி25-ஐயும், 1987-இல் வீ1-ஐயும் ஆராய்ந்து எழுதினார்கள். சிடிசி2 புரதத்தின் 15-ஆவது இடத்தில் இருக்கும் டைரோசின்மேல் வீ1 ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது; அதுதான் அந்தத் தடை. சிடிசி25 அதை இறக்குகிறது. நம் உடலின் செல்களிலும் இதே ஏற்பாடுதான். மனித வீ1-ஐத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

ஃபேன்டஸின் அந்தக் கட்டுரை மூன்றே பக்கம். மரபியல் நடத்தும் ஆசிரியர்களே, மாணவர்களைக் கணினியில் மரபணு வரிசை தேட அனுப்பும் முன் அதை ஒருமுறை படிக்க வையுங்கள்.